சும்மாட்டுத் துணி

கலவைச் சட்டி மறுபடியும் சரிந்தது.

இந்த முறை ரோகிணியின் தோளில் பாதி, தரையில் பாதி.

தலையில் மஞ்சள் ஹெல்மெட். அதன்மேல் சுருட்டிய துணிச் சும்மாடு. அதன்மேல் சட்டி. வழுக்குப் பாறையில் குடத்தை வைத்த கதைதான்.

"ரோகிணி, பூச வேண்டியது செவத்த. ஒன்னைய இல்ல!" சாரத்தின் மேலிருந்து மேஸ்திரி பெரியகருப்பன் கத்தினார்.

காரைக்குடியின் அந்தப் பழைய செட்டியார் வீடு ஓட்டலாக மாறிக்கொண்டிருந்தது. போன வாரம் மேலிருந்து விழுந்த செங்கல் ஒரு சித்தாளின் காதோரத்தைக் கிழித்துவிட்டது. ஹெல்மெட் போடாதவர்களுக்கு இனி வேலை இல்லை என்று இன்ஜினியர் மரிய அனிதா காலையிலேயே சொல்லிவிட்டாள்.

வேலை இல்லையென்றால் கல்லல் பஸ்ஸில் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ரோகிணியின் கூலியில்தான் வீட்டில் அடுப்பெரிகிறது.

நேரே அனிதாவிடம் போனாள்.

"ஹெல்மெட்டப் போட்டா சட்டி நிக்கல. கழட்டுனா வேலை இல்லேங்கிறீக. ரெண்டையும் தாங்குற மாதிரி ஒரு தலைய நீங்களே குடுங்க மேடம்!"

சித்தாள்கள் வாய்பொத்திச் சிரித்தார்கள்.

அனிதா சிரிக்கவில்லை. சட்டியை வாங்கித் தன் ஹெல்மெட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். இரண்டு எட்டு நடப்பதற்குள் கலவை அவள் துப்பட்டாவில் வழிந்தது.

துடைக்காமலே போனை எடுத்தாள்.

மறுநாள் காலை மோட்டார் வைத்த கப்பி வந்து இறங்கியது. பொத்தானை அமுக்கியதும் நாலு சட்டிக் கலவை ஒரே வாளியில் மாடிக்குப் போனது. யார் தலையும் அதற்குத் தேவைப்படவில்லை.

சித்தாள்கள் கைதட்டினார்கள். "வாயாலேயே மெஷின வரவச்சிட்டியேடி!" என்று ஒருத்தி ரோகிணியின் முதுகில் அறைந்தாள்.

ரோகிணிக்குப் பெருமை தாங்கவில்லை. ஹெல்மெட் இன்றைக்குத்தான் தலையில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

பெரியகருப்பன் சாரத்திலிருந்து இறங்கி வந்தார். சித்தாள்கள் யார் முகத்தையும் பார்க்காமல் மெஷினைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இதுக்கு ரெண்டு ஆம்பளையாளு போதும்ங்கிறாக ஆத்தா. ஹெல்மெட்ட எல்லாரும் அங்குட்டு வச்சிட்டுப் போங்க."

கைதட்டிய கைகள் எங்கே போவதென்று தெரியாமல் முந்தானைக்குள் போயின.

ரோகிணி ஹெல்மெட்டைக் கழற்றி வாசலில் வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த சும்மாட்டுத் துணியை உதறித் தலையில் போட்டுக்கொண்டாள்.

கல்லல் பஸ் வரும்வரை வெயிலில் நிற்க வேண்டும்.