பூட்டிக் கிடந்த கறிக்கடை

“அந்தக் கடய ஏன் பூட்டி வச்சிருக்காங்க, ஐயா?”

ஓடைக்கு அக்கரையில் இருந்த கறிக்கடையைக் காட்டிக் கேட்டான் நிரோஷன். கொழும்பில் சமாதானத் திட்டம் நடத்தும் ஒரு நிறுவனத்தின் அதிகாரி. கழுத்தில் அடையாள அட்டை, கையில் பேனா, காலில் வெள்ளைச் சப்பாத்து.

தேயிலைத் தோட்டத்துப் பெரியவர் வீரய்யா வெற்றிலையை மென்றபடி அவனை ஏற இறங்கப் பார்த்தார். காரில் வந்து இறங்குகிற யாரையும் அவர் நம்புவதில்லை. போன தடவை வந்தவர்கள் லயத்து வரிசை வீட்டு ஆட்களுக்குத் தொப்பி போட்டுப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். முதல் மழையிலேயே தொப்பி சாயம் விட்டது.

“கட கெடக்கட்டும் தம்பி. நான் கேட்டது என்னாச்சு? இந்த ஓடைக்கு ஒரு பாலம் வேணும். போட்டிருந்த பலகைய வெள்ளம் அடிச்சிட்டுப் போயிருச்சு. எம் மருமக விஜயலெட்சுமி மாசமா இருக்கா. மழையில வலி வந்தா அக்கரையில இருக்கிற ஆஸ்பத்திரிக்கு எப்புடித் தூக்கிட்டுப் போறது? கார் ரோட்டுல சுத்திப் போனா அரை நாளாகும்.”

“எங்க திட்டத்துப் பேரே உறவுப் பாலம்தான் ஐயா. ஆனா அது மனசுகளுக்கு நடுவுல கட்டுற பாலம்.”

“அதுல ஏறி நடக்கலாமா?”

நிரோஷன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். “வெளிநாட்டுக் காசு ஐயா. ரெண்டு சமூகத்துக்கு நடுவுல பிரச்சின இருந்தாத்தான் குடுப்பாங்க. மடுல்சீமைப் பக்கம் எல்லாத் தோட்டத்துக்கும் போனேன். எங்க போனாலும் ஒத்துமையா இருக்கோம், ஒத்துமையா இருக்கோம்னு சொல்றாங்க. நான் என்ன செய்யிறது?”

பாவம், அவன் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

வீரய்யா வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்தார். “சரி, இப்பக் கேளுங்க.”

“கடய ஏன் பூட்டிட்டாரு?”

“எங்களாலதான்.”

பேனா எழுந்து நின்றது. “ரொம்ப நாளாவா?”

“ஒரு வாரமா. லயத்துல ஒருத்தரும் அந்தப் பக்கம் கறி வாங்கப் போகல.”

“பகிஷ்கரிப்பு!” என்றான் நிரோஷன். பரீட்சை பாஸான பிள்ளையின் குரல். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினான். “கோழி ரோல்ஸ். பதுளையில ஒரு முஸ்லிம் கடயில வாங்கினது. சாப்பிடுங்க.”

“வேணாம்.”

“முஸ்லிம் கடைன்னா?”

“வேணாம்னா வேணாம். வற்புறுத்தாதீங்க தம்பி.”

நிரோஷன் மெதுவாகத் தலையை ஆட்டினான். இவ்வளவு கிடைக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்கினான். நடுவில் வழுக்கி இடுப்புவரை நனைந்து கரையேறினான். ஊரே அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் கடைக்காரர் மர்ஸூக் கடைக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

“நானா, கடயத் தொறக்க மாட்டீங்களா?”

“இப்ப தொறக்க ஏலா.”

“வீரய்யா ஐயாவே வந்து கேட்டா?”

“அவர் கேட்டா ஒரு துண்டும் வெட்ட மாட்டேன்.” கோடரி ஓங்கி இறங்கியது. “நீங்க நனஞ்சிருக்கீங்க. வந்த வழியே போய்த் தல தொவட்டுங்க தம்பி.”

நிரோஷன் விடவில்லை. மர்ஸூக்கைக் கையோடு இழுத்து வந்து அக்கரையில் நிறுத்தினான். இக்கரையில் வீரய்யா. நடுவில் தண்ணீரில் நின்றபடி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தான்.

“ஒரே ஒரு கிலோ. நானா வெட்டிக் குடுக்கட்டும். ஐயா வாங்கிச் சுட்டு ஒரு வாய் திங்கட்டும். நான் படம் எடுக்கிறேன். இந்த ஒரு படம் போதும், பாலத்துக்கும் சேத்து எழுதிப் போடுறேன்.”

மேலே லயத்திலிருந்து விஜயலெட்சுமி குடத்தோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள். ஒரு கை குடத்தில், ஒரு கை வயிற்றில். வீரய்யா அவளைப் பார்த்தார். ஓடையைப் பார்த்தார்.

“மாட்டேன்.”

“பாலம், ஐயா! பாலம்!”

“இல்லாட்டிப் போகுது. புள்ளைய நானே தோள்ல தூக்கிட்டுப் போறேன்.”

“நானா, நீங்களாவது…”

“அந்தாளுக்கு நான் வெட்ட மாட்டேன்னு சென்னேனே!” என்றார் மர்ஸூக்.

நிரோஷன் கைப்பேசியில் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். “மிஸ், கிடைச்சிட்டு! ஊவா மாகாணத்துல இப்படி ஒரு எடம் இருக்கும்னு நினைக்கவே இல்ல. ஒரு வாய் சோத்துக்குக்கூட ஒத்து வராத ஆக்கள். சந்திக்கவே எடம் இல்ல மிஸ், பாலம் ஒண்ணு போட்டு, ரெண்டு பக்கமும் உக்கார வாங்கு வச்சா உரையாடல் மேடைன்னு காட்டலாம்… ஓகே மிஸ். தாங்க்யூ மிஸ்.”

கரையேறி வந்து வீரய்யாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். “பாலம் உறுதி ஐயா. மழைக்கு முந்தியே கட்டிடுவாங்க. ஒண்ணு மட்டும், அவசரப்பட்டு ராசியாகிடாதீங்க. திட்டம் மூணு வருஷம்.”

கார் வளைவில் மறைந்ததும் மர்ஸூக் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடையைக் கடந்து வந்தார்.

“ஏன்ண்ணே, அந்தத் தம்பிக்கிட்ட விஷயத்தச் சொல்லல்லயா?”

“யாரு மேல கோவம்னுதான் கேட்டாரு. எந்தச் சாமிக்கு விரதம்னு கேக்கலயே.”

மர்ஸூக் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. “சரி, நாளைக்குத் தேர் எறங்கி, காப்பு அவுத்தவொடன ஆள் அனுப்புங்க. அம்மனுக்குக் காப்புக் கட்டினா கறிக்கடயப் பூட்டுறது எங்க வாப்பா காலத்துப் பழக்கம். உங்க ஆள் வந்து சொல்லாம ஒரு வருஷமும் தொறந்ததில்லையே.”