முகம் தெரிந்தால்

இலங்கை மலைநாட்டில் ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். ஐம்பத்தெட்டாம் வருட மழைக்காலம். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் செல்லாயிதான் ஆயா. பொழுது சாய்ந்தால் அவளுக்குக் கால் கடுத்துவிடும். பிள்ளையை வாங்க வருகிறவளிடம் பெயரைக் கேட்க வேண்டும், எந்த லய வரிசையில் வீடு என்று கேட்க வேண்டும், கொழுந்து நிறுத்தாச்சா என்றும் கேட்க வேண்டும், பிறகுதான் கொடுக்கலாம். முன்பிருந்த ஆயா சொல்லிவிட்டுப் போன முறை அது. கொழுந்தைத் தராசில் நிறுக்காமல் எவள் வரப்போகிறாள்?

அன்று செல்லாயிக்கு அலுத்துவிட்டது. முகம் தெரிந்தால் பேசாமல் கொடுத்துவிடுவது, தெரியாதவளிடம் மட்டும் கேட்பது என்று வைத்துக்கொண்டாள். வரிசை மளமளவென்று கரைந்தது. கடைசியாக அங்காயி வந்தாள். அவள் கூடை நிறையக் கொழுந்து இருந்தது. செல்லாயி அதைப் பார்த்தாள், கேட்கவில்லை. பிள்ளை சிரித்துக்கொண்டே போனான்.

கதவைச் சாத்தும்போது அங்காயி மறுபடியும் வந்தாள், வெறுங்கூடையோடு.

"நிறுக்கிற எடத்துல நேரமாயிருச்சு ஆயாம்மா. புள்ள தூங்கிட்டானா?"

"இப்பத்தானடி தூக்கிட்டுப் போன?"

அங்காயி கூடையைப் போட்டுவிட்டு லயத்துக்கு ஓடினாள். செல்லாயி கடுத்த காலோடு பின்னால் போனாள். அங்காயியின் காம்பராக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. யாரோ தாலாட்டிக்கொண்டிருந்தார்கள். அங்காயி கதவைத் தட்டினாள். தாலாட்டு நின்றது.

"யாரது? பேரென்ன? எந்த லயம்?" என்று உள்ளேயிருந்து அங்காயியின் குரல் கேட்டது. "கொழுந்து நிறுத்தாச்சா?"