பீம்ராவுக்குக் காலை ஷிஃப்ட்

ரமாபாய் செல்போனை மேசைமேல் வைத்த வேகத்தில், பக்கத்திலிருந்த கிளாஸ் குலுங்கி டீ சிந்தியது.

"கடைசியா வந்தத படி. எல்லாரு காதுலயும் வுயறா மாறி படி."

ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற ஜெரி எடுத்துப் பார்த்தான். 'பீம்ராவ், இன்று காலை ஷிஃப்ட். மூன்றாம் நம்பர் கிரேன். தவறாமல் வரவும்.' குரலைத் தாழ்த்திப் படித்தான். பீம்ராவ் செத்து இரண்டு மாதம் ஆகிறது. இதே திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில், ரிவர்ஸ் எடுத்த ட்ரெய்லருக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு செத்தான். எதிரே நிற்பவள் அவன் மனைவி.

"இது எப்படிடா போச்சு?" மேனேஜர் அருள்பிரகாசம் ஜெரியைப் பார்த்து உறுமினார். பெயரில் இருக்கிற அருளை அந்த ஆபீஸில் யாரும் இதுவரை கண்ணால் கண்டதில்லை.

எப்படிப் போனது என்று ஜெரிக்கு அப்போதுதான் உறைத்தது. புது சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்க சர்வருக்கு ஒரு நகல் வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்று போன வாரம் தலைமேல் ஏறி நின்றவர் இதே அருள்பிரகாசம்தான். சர்வர் ஒரு நாளில் எப்படி இருந்ததோ அப்படியே பிடித்து வைக்கிற ஸ்நாப்ஷாட்டுகளில், பொங்கலுக்கு முன் எடுத்தது ஒன்று அவசரத்தில் கைக்கு அகப்பட்டது. அதை வைத்து ஜெரி நகலை எழுப்பினான். அசல் சர்வர் தினமும் விடியற்காலையில் தொழிலாளிகளின் போனுக்கு ஷிஃப்ட் மெசேஜ் அனுப்பும். நகலில் அந்த வேலையை முதலில் நிறுத்தி வைக்க வேண்டும். அதை மறந்து தொலைத்தான்.

நகலுக்கு என்ன தெரியும்? அதன் கணக்கில் இன்னும் பொங்கலே வரவில்லை, பீம்ராவும் சாகவில்லை. அதுபாட்டுக்கு எல்லோரையும் வேலைக்குக் கூப்பிட்டது. ஆளுக்கு இரண்டு மெசேஜ் வரவும், உயிரோடு இருந்தவர்கள் முதல் நாளே போன் போட்டு ஜெரியின் பரம்பரையையே இழுத்தார்கள். முந்தாநாள்தான் காரணத்தைக் கண்டுபிடித்து அந்த நகலை அழித்தான். செத்தவன் நம்பரும் அதற்குள் இருந்தது என்பது மட்டும் அவன் புத்தியில் ஏறவே இல்லை.

"கம்பெனி மானத்தையே வாங்கிட்டியேடா. இந்தம்மா யூனியன் ஆபீசுக்குப் போனாங்கன்னா, இன்னிக்கே நீ வேலைய விட்டு வீட்டுக்குப் போற," என்றார் அருள்பிரகாசம்.

ஜெரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குதிரைமேல் உட்கார்ந்து விரட்டியவர் இவர், வீட்டுக்குப் போவது மட்டும் நானா? கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தான்.

"உங்க சண்டைய அப்பால வெச்சிக்கோங்க," என்று ரமாபாய் குறுக்கே விழுந்தாள். "வூட்ல என் மாமனாரு ரெண்டு நாளா ஒரு வாய் சோறு துன்னாம குந்திகினு கீறாரு. அத்துக்கு யாரு பதில் சொல்றது?"

"அவருக்கு உடம்பு சரியில்லையாக்கா?"

"நெனப்பு தப்பிப் பூட்ச்சு. ஹார்பர்ல வேல செஞ்ச மனுசன். பெத்த புள்ளய தூக்கினு போய் பொதச்சதே அவருக்கு ஞாபகம் இல்ல. எம் புள்ள எங்க, எம் புள்ள எங்கன்னு வியாசர்பாடி பூரா கேட்டுகினு சுத்துவாரு. நான் இன்னா சொன்னாலும் நம்ப மாட்டாரு. கம்பெனி சொன்னா மட்டும் நம்புவாரு."

ஜெரிக்கு முகம் சுண்டிப்போனது. மண்ணுக்குள் போன மகன் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான் என்று ஒரு வயசானவரை நம்ப வைத்தது தன்னுடைய மறதி. அருள்பிரகாசத்தின்மேல் இருந்த கோபமெல்லாம் அப்படியே தன் பக்கம் திரும்பிக்கொண்டது.

"தப்பு என்னுதுதாங்க்கா. எவ்ளோ வேணா திட்டுங்க."

"திட்டி இன்னா ஆவப் போவுது?" அவள் குரல் ஏறியது. "ஆளயும் கொன்னீங்க. செத்தவனுக்கு ஷிஃப்ட்டும் போட்டீங்க. அத்தோடவாவது வுட்டீங்களா?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாலைந்து கிரேன்காரர்கள் கூடிவிட்டார்கள். அதைப் பார்த்ததும் அருள்பிரகாசம் சட்டென்று குழைந்தார். தொழிலாளி ஒற்றை ஆளாக வந்தால்தான் அவருக்குக் குரல் வரும்.

"முதல்ல நீங்க உக்காருங்கம்மா. இனிமே எங்க கம்பெனியிலிருந்து அந்த போனுக்கு ஒரு மெசேஜ்கூட வராது. அதுக்கு நான் பொறுப்பு. டேய், சொல்லேன்டா."

"ஆமாக்கா." ஜெரி அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "முந்தாநாளே அதை அழிச்சிட்டேன். இனிமே வரவே வராது."

ரமாபாய் உட்காரவில்லை. மேசையைச் சுற்றி வந்து, அவன் கையிலிருந்த போனைத் தொட்டுக் காட்டினாள். கண் நிறைந்திருந்தது, கோபம் மட்டும் துளியும் இறங்கவில்லை.

"இது வந்த வரிக்கும், புள்ள டூட்டிக்குப் போய்கீறான்னு மனுசன் ஒயுங்கா சோறு துன்னாரு. யாரக் கேட்டு நிறுத்துன?"