இளைச்சா எடுத்துக்குவீங்கல்ல?

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த மனைவி கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது செக்கிங்காரருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுக்கப் போகிறார்கள். சிரிக்கிற நேரமா இது?

பஸ் பஸ்ஸாக ஏறி டிக்கெட் பரிசோதித்தே தலை நரைத்தவர் அவர். கேட்பதற்கு முன்பே காரணம் சொல்கிற ஆளிடம் டிக்கெட் இருக்காது என்பது அவர் அனுபவத்தில் கண்டது.

இவளோ கேட்காமலேயே காரணங்களை அடுக்கினாள். மூட்டு வலி என்றாள். மூச்சு வாங்குகிறது என்றாள். தன் குறட்டையில் தன் தூக்கமே போகிறது என்றாள். டயட்டும் நடையும் எடுபடவில்லை, இந்த எடைக்கு இனி ஆபரேஷன்தான் வழி என்று டாக்டரே சொல்லிவிட்டாராம்.

எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். இந்த உடம்பு நேற்றா வந்தது?

கல்யாணமான நாளிலிருந்தே அவள் குண்டுதான். சொந்தக்காரர்கள் ரோடு ரோலர் என்று கிண்டலடித்தால், நசுங்காமல் ஓரமாக நிற்கச் சொல்லி அவர்கள் வாயை அடைப்பாள். இளைக்க வேண்டும் என்று ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அவர் நோயில் விழுந்த பிறகுதான் இந்த ஆசை வந்தது.

அதுதான் அவருக்கு உறுத்தியது.

அவர் உடம்பு இப்போது ஆஸ்பத்திரியை நம்பித்தான் ஓடுகிறது. இன்னும் எவ்வளவு காலம் என்று டாக்டர்கள் பிடிகொடுத்துப் பேசுவதில்லை. தான் போன பிறகு வாழப்போகிற வாழ்க்கைக்கு இவள் இப்போதே தயாராகிறாளோ?

வீண் சந்தேகம் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. போன மாதம் குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயையும் திறந்துவிட்டு, அவள் யாரிடமோ போனில் கெஞ்சியதைத் தன் காதாலேயே கேட்டார்.

"நான் இளைச்சு வந்தா எடுத்துக்குவீங்கல்ல? அவருக்கு மட்டும் இப்பத் தெரிய வேணாம்."

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எவன் அவன்? இளைத்து வந்தால்தான் ஆச்சு என்று கறார் பேசுகிற மகாராசன்?

ஆபரேஷனுக்கு முன்பு இரண்டு வாரம் அவளுக்கு வெறும் நீராகாரம்தான். தட்டைக் கண்டால் உலகத்தையே மறக்கிறவள், முகம் சுளிக்காமல் குடித்தாள். எனக்காக ஒரு வேளையாவது இப்படிப் பட்டினி கிடந்திருப்பாளா என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

தியேட்டர் கதவு திறந்தது.

இப்போது கேட்காவிட்டால் எப்போது கேட்பது? ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"உண்மையைச் சொல்லு. யாருக்காக இதெல்லாம்?"

அவள் சிரிப்பு நின்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அகப்பட்டுக்கொண்டவர்கள் முகம் இப்படித்தான் இருக்கும். அது அவருக்குத் தெரியாதா?

உள்ளே தள்ளிக்கொண்டு போக வந்த நர்ஸ், வீங்கிப்போன அவர் கால்களைப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன கையைப் பார்த்தாள். பிறகு அவர் மனைவி பக்கம் குனிந்து கேட்டாள்.

"எடை குறைஞ்சாத்தான் உங்க கிட்னிய எடுப்பாங்கன்னு சொன்னீங்களே, அது இவருக்குத்தானாம்மா?"