சிவப்புப் பெட்டி

திருப்பதி கம்ப்யூட்டர் சென்டரில் ஏசி விடாமல் உறுமுகிறது. தரணி தான் வடிவமைத்த ரயில் டிக்கெட் பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறாள். கம்ப்யூட்டரே தொடாத ஒருவரை உட்காரவைத்துச் சோதிக்க வேண்டும். தவறு நேர்ந்தால் அது பக்கத்தின் தவறு, ஆளின் தவறல்ல என்பது இங்கே பாடம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்தச் சோதனைக்காகவே நகரியிலிருந்து வந்திருக்கும் அவள் அப்பா செங்கல்வராயன் நாற்காலியின் நுனியில் குந்தியிருக்கிறார். பெயரை நிரப்பாமலே பட்டனை அழுத்திவிடுகிறார். பெருத்த மானிட்டரின் நடுவே ‘தவறு’ என்று ஒரு சிவப்புப் பெட்டி குதிக்கிறது. சட்டென்று எழுகிறார். தோள் துண்டு இடுப்புக்கு இறங்குகிறது. ஊரில் நிலக்காரர் அதட்டும்போது வளையுமே, அதே முதுகு. “தெரியாம கை வச்சிட்டேன் சாமி,” என்கிறார் திரையைப் பார்த்து. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள். “ரெட் பயமுறுத்துதும்மா, கலர மாத்து,” என்கிறார் வாத்தியார் ஹரிபாபு. தரணி மாற்றுகிறாள். பெட்டி பச்சையாகிறது. “இப்ப குந்து நைனா. நீ ஒண்ணும் தப்பு பண்ல,” என்கிறாள் அப்பாவிடம். துண்டு இன்னும் இடுப்பில்தான் இருக்கிறது. “நீ உன் வேலையப் பாத்துக்கினு இரும்மா. நா நின்னுக்கினே கீறேன்.”