எதிர்மலை

மணிக்கூண்டையும் கண்ணாடிப் பாலத்தையும் பார்த்து முடித்து, அந்த மலைநாட்டு நகரத்தின் கடைசிக் காட்சிமுனைக்கு வந்திருந்தோம். பள்ளத்தாக்கைப் பார்த்துப் பெயரைக் கூவினால் எதிர்மலை திருப்பிச் சொல்லும் என்றார்கள். தை மாதம் என் மகனுக்குப் பெண் கொடுக்கவிருக்கும் சம்பந்தி கூவினார். அவர் பெயர் பிசகாமல் திரும்பி வந்தது. நான் ஒதுங்கி நின்றேன்.

“என்னுங்க சம்பந்தி, கூவுனா கவுரவம் கொறஞ்சு போயிருமா?” என்று சிரித்தார்.

நிமிர்ந்து நின்று, “முத்துரத்தினம்!” என்று என் பெயரைக் கூவினேன். மலை என் பெயரைத் திருப்பிச் சொல்லவில்லை. பதிலுக்கு ஒரு பெண்குரல் “அப்பா” என்றது.

எல்லோருடைய சிரிப்பும் நின்றுபோயிற்று.

“ஏனுங்க, உங்களுக்கு ஒரே பையன்னுதானுங்களே சொன்னீங்க?” என்றார் சம்பந்தியம்மா.

“ஒரே பையன்தான். அது காத்துங்க” என்றேன். எங்கள் வீட்டில் மகளின் பெயரைச் சொல்ல வருடக்கணக்காக நான் யாரையும் விட்டதில்லை. அவள் படங்களை என் கையாலேயே எரித்தேன்.

“அப்பா.” இந்த முறை இன்னும் அருகில், கீழே பனிமூட்டத்துக்குள்ளிருந்து கேட்டது. தடுப்புக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். என் பக்கத்தில் நின்றிருந்த என் மனைவி பாவாயி, இரண்டு கைகளையும் குவித்து வாயருகே கொண்டுபோனாள்.