இரவல் கவசம்

"இங்கிலீசுக் கதையிலை வாற வீரன் லான்ஸ்லட் தன்ரை சிநேகிதன்ரை கவசத்தைப் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போனவராம். அப்ப வெண்டதுக்கு ஆருக்கு நன்றி சொல்லுறது?"

சண்முகராசாவின் மகள் மயூரா ஒருநாள் இப்படிக் கேட்டபோது, அவர்கள் வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்த லதீசன் சிரித்துவிட்டான். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. லண்டன் ஃபாரஸ்ட் கேட்டிலுள்ள சிறுவர் விளையாட்டுக் கோட்டையில், சண்முகராசா வேலைக்குப் போடும் லான்ஸ்லட் கவசத்துக்குள் அவன்தான் வியர்த்து வழிந்துகொண்டிருந்தான். சின்னச் சப்பாத்து குதிக்காலைக் கடித்தது.

சண்முகராசாவின் மனைவிக்கு இன்று ஆபரேஷன். இன்னுமொரு நாள் லீவு எடுத்தால் வேலை போய்விடும் என்று முதலாளி அம்மா முன்பே சொல்லியிருந்தார். "முகத்தை மூடுற தொப்பியைக் கழட்டாதை, வாயைத் திறக்காதை. மிச்சத்தை முருகன் பாப்பார்" என்று சொல்லிவிட்டுச் சண்முகராசா ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

முருகன் பார்த்தாரோ இல்லையோ, மனேஜர் தில்லையம்பலம் பார்த்துக்கொண்டே இருந்தார். காலையில் வந்தவுடனே தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை. சண்முகராசாவை வாய் நிறைய 'அண்ணை' என்பவராம். இன்று அந்தச் சொல்லே இல்லை.

"லான்ஸ்லட், இங்கை ஏன் நிக்கிறீர்? வாசலுக்குப் போம்!"

வாசலுக்குப் போனான். முதலாளி அம்மாவின் கார் வந்து நின்றது.

"வாசலிலை என்ன வேலை? சறுக்குப் பக்கம் போம்!"

முதலாளி அம்மா சறுக்குப் பக்கம் வந்தார்.

"கோபுரத்திலை ஏறும்! கெதியா!"

நொண்டி நொண்டி ஏறினான். "லான்ஸ்லட் பயந்து ஓடுறார்!" என்று ஒரு பொடிச்சி கத்த, பிள்ளைகள் எல்லாம் கைகொட்டிச் சிரித்தன.

"ஷண்!" முதலாளி அம்மா கீழிருந்து சண்முகராசாவைக் கூப்பிட்டார். லதீசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குள் தில்லையம்பலம் குறுக்கே வந்து, காற்றடிக்கும் மெஷின் பழுது என்று அவரை அப்பால் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

'சரி, காட்டிக் கொடுக்கப் போறார்' என்று நினைத்தான் லதீசன். ஆர்ச்வே கோயில் முருகனுக்கு ஒரு அர்ச்சனை நேர்ந்துகொண்டான்.

கோட்டை மூடியதும் உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தான். பின்னாலேயே தில்லையம்பலம் வந்து கதவைச் சாத்தினார். குனிந்து, அவனுடைய சப்பாத்து வாரைக் கழற்றினார். குதிக்காலில் இரத்தம் கசிந்திருந்தது.

"நான் லண்டனுக்கு வந்த புதுசிலை எனக்குக் கொப்பளிப்பான், மேலெல்லாம் அம்மை. அந்த ரெண்டு கிழமையும் ரெஸ்டோரண்டிலை என்ரை பேரிலை நிண்டு அண்ணைதான் கோப்பை கழுவினவர். என்ரை வேலை போகேல்லை."

லதீசன் தலைக்கவசத்தைக் கழற்றினான். தில்லையம்பலம் அவன் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியுமெண்டு அண்ணைக்குச் சொல்லிப்போடாதையும். நாளைக்குப் பெரிய சப்பாத்து கொண்டுவாறன், தம்பி."